மேரி மேடம் கொண்டுவந்த மண்

செல்வமேரி மேடம் இறந்துவிட்டார் என்று எங்கள் ஆபீஸின் பழைய கிளார்க் போன் செய்தார். திருவாரூருக்கு அடக்கத்துக்குப் போனேன். அமைதியான மனுஷி, யார் வம்புக்கும் போகாதவர் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் வம்புக்குப் போனார். என்னிடம்தான் போனார். நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி கேட்கிறார்கள். நடந்ததை எழுதுகிறேன், போட்டால் போடட்டும்.

மண் பரிசோதனை நிலையத்தில் நான் அதிகாரி, அவர் ஆய்வக உதவியாளர். கடலோரமெல்லாம் இறால் பண்ணை வெட்டிக்கொண்டிருந்த காலம். நெல் விளையும் நிலத்தில் வெட்டக் கூடாது, உவர் நிலம் என்று எங்கள் சான்று வேண்டும். ஒருநாள் ஜீப்பில் வந்த பண்ணைக்காரர்கள், பண்ணை வெட்டப்போகும் ஒரு ஊரின் மண் என்று பைகளில் கொண்டுவந்தார்கள். மேடம் அதை நிழலில் உலர்த்தப் பரப்பியபோது உமரி வேர் ஒன்று கிடைத்தது. உமரி உப்பு மண்ணில் மட்டும் வளரும் செடி. அதை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"சார், வயல் மண்ணுன்னா ஒரு மண்புழு, ஒரு நத்தை ஓடாவது இருக்கும். இதுல ஒண்ணும் இல்ல. இது வேற எங்கயோ அள்ளினது."

மறுநாள் லீவு போட்டு, பஸ் பிடித்து அந்த ஊருக்கே போனார். நெல் தாளோடு ஈரமண்ணைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அருமையான மண். பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆனாலும், கொண்டுவந்து கொடுத்த மண்ணைச் சோதிப்பதுதான் நம் வேலை, மற்றது நமக்கு எதற்கு என்று கூசாமல் சொன்னேன். என்னை யாரும் மிரட்டவில்லை, எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. மேலேயிருந்து ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். அதற்கே வளைந்து உவர் நிலம் என்று கையெழுத்துப் போட்டேன். த்தூ, என்ன பிழைப்பு.

மேடம் ஒன்றுதான் சொன்னார். "இறால் குளத்துல விட்ட உப்பு குளத்தோட நிக்காது சார். தண்ணிக்கு வரப்பு தெரியாது."

அப்படியே நடந்தது. பக்கத்து வயல்களில் நாற்று கருகியது. வாய்க்காலில் தவளை இல்லாமல் போனது, தவளை தின்ன வேண்டிய கொசு பெருகியது. பிறகு இறாலுக்கு நோய் வந்ததும் பண்ணைக்காரர்கள் குளங்களை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஊர்க்காரர்களால் அப்படிக் கிளம்ப முடியவில்லை.

அவர்களில் ஒரு அம்மா ஆபீஸுக்கு வந்தார். பாட்டிலில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். வாயில வைக்க முடியல, எங்க நிலத்தைப் போய் உவர்னு எழுதிக் குடுத்தது யாருங்க என்று கேட்டார். நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மேடம் என் பக்கம் திரும்பவில்லை. எழுந்து போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஆபீஸ்லதாம்மா குடுத்தோம். தப்புதான். மன்னிச்சுக்குங்க."

பாட்டிலை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரை அவரோடு நடந்து போனார். நான் தலையைத் தூக்கவே இல்லை. அதன் பிறகும் ஓய்வு பெறும் வரை என்னைச் சார் என்றே கூப்பிட்டார். ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை.

அடக்கம் முடிந்து அங்கிருந்தே அந்த ஊருக்குப் போனேன். அந்த அம்மாவின் வீடு பூட்டிக் கிடந்தது. மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை, மற்றவர்கள் திருப்பூருக்குப் போய் வருஷக்கணக்காகிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நீங்க யாருங்க என்று கேட்டார். சும்மா, தெரிஞ்சவன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேயும் வாய் வரவில்லை.

மேடத்திடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது, எனக்காக அவர் கேட்ட அந்த மன்னிப்பு ஒன்றுதான். அதை இத்தனை வருஷம் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்: அந்தச் சான்றில் இருப்பது என் கையெழுத்து. அவர் வேண்டாம் என்றார்.