ஆபரேஷனுக்கு முன் ஒரு டம்ளர் பால்

மொரிஷியஸ் சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. ரோஸ் பெல் பக்கம் குடியிருந்தோம். கணவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. பிறவியிலேயே வலது பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும். ஓரத்தை ஊன்றித்தான் நடப்பாள். ஆபரேஷன் செய்தால் நேராகிவிடும் என்று அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். எனக்கோ மயக்க மருந்தை நினைத்தாலே பயம். பிள்ளை கண் விழிக்காமலே போய்விட்டால்?

ஒருவழியாகச் சம்மதித்தேன். ஆபரேஷன் அன்று காலை அவளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பசியில் பிள்ளை விடாமல் அழுதாள். வெறும் வயிற்றோடு எப்படித் தாங்குவாள் என்று நானாக நினைத்து, யாரும் பார்க்காதபோது பால் கொடுத்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் தள்ளுவண்டியில் அவளை அழைத்துப் போனார்கள். அழுதுகொண்டு நின்ற என்னிடம் பக்கத்துக் கட்டில் கிரியோல் அம்மா, "பா பேர்! பயப்படாதே. வயிறு காலியாக இருந்தால் போதும். இல்லாவிட்டால்தான் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சை அடைக்குமாம்" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ஆபரேஷன் அறை வாசலில் வண்டியை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தி, "பால் கொடுத்துட்டேன்!" என்று கத்தினேன்.

"எத்தனை தடவை சொன்னேன்!" என்று நர்ஸ் சீறினார். சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். தலை குனிந்து நின்றேன். அவரோ, "வெட்கப்பட்டு மறைத்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாதம்மா. நாளைக்கு முதல் ஆள் இவள்தான்" என்றார்.

மறுநாள் அவள் அழ அழ, நானும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தேன். மதியம் முழங்கால் வரை மாவுக்கட்டோடு வெளியே வந்தவள், கண்ணைத் திறந்ததும் கேட்டது சோறு!

கட்டுப் பிரித்து, பழகி நடக்கச் சில மாதங்கள் ஆயின. ஒரு நாள் வக்குவா மார்க்கெட்டில் என் கையை உதறிவிட்டு ஓடினாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய ஓடினாள். பின்னாலேயே ஓடிய என்னால் பிடிக்க முடியவில்லை. காய்கறிக்காரர்கள் வேடிக்கை பார்க்க, நடுவில் நின்று சிரித்தேன், அழுதேன்.

செய்த தப்பை வாய்விட்டுச் சொல்ல இன்றைக்கும் நாக்குக் கூசும். ஆனாலும் உடனே சொல்லிவிடுகிறேன், அந்த ஒரு நிமிட அவமானம் என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தந்ததே!