இங்கா ஊரில் மழை

ஃப்ரீசரில் மீன் பொட்டலம் பனியோடு இறுகிக் கிடக்கிறது. கரண்டியால் சுரண்டும்போது இங்கா ஞாபகம்.

நான் நாலாவது படிக்கையில், புதுச்சேரி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். வடதுருவப் பக்கம் பனிமான் மேய்க்கிற குடும்பம். ஞாயிறுதோறும் அவள் அண்ணன் எங்கள் லேண்ட்லைனில் கூப்பிடுவார். பின்னால் மான்களின் கழுத்துமணி கேட்கும். ரிசீவரை என் காதிலும் வைப்பாள்.

ஒரு மார்கழியில் போனை வைத்துவிட்டு, தெரிந்த கொஞ்சத் தமிழில் “ஊர்ல மழை” என்றாள்.

அவளோடு பிரெஞ்சில் பேசுகிற அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. “மழையா? நல்ல சேதியாச்சே!” அம்மாவைப் பார்த்து, “செல்வி, கேசரி கிண்டு” என்றார்.

இங்கா கேசரியைத் தொடவில்லை. என்னை ஃப்ரீசருக்கு இழுத்துப்போய், என் விரலைப் பனியில் அழுத்தியபடி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

“பனி மேல மழை பேஞ்சா இப்பிடிக் கல்லாயிடுமாம்” என்றார் அப்பா. “மானுங்க தின்னுற பாசி அடியில மாட்டிக்குமாம். குளம்பால தோண்ட முடியாதாம்.” அவர் குரல் இறங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு இங்கா ரிசீவரை என் காதில் வைத்தாள். “மணி கேக்குதா?”

காற்று மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

கரண்டி வழுக்குகிறது. பனிக்கு அடியில் மீன் தெளிவாகத் தெரிகிறது.