ஆஸ்பத்திரி வேனில் ஏறாத நாகரத்தினம்

நாகரத்தினம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் அறையில் வேலை செய்தார். அடுப்புச் சூட்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தால் மலைக்காற்று ஈரச் சட்டையோடு முதுகில் அறையும். பத்தொன்பது வருஷம் அப்படி அறை வாங்கியவருக்கு நாற்பது வயதிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது.

தோட்டத்துத் தொழிற்சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பெரிய தலைவர் என்று சொல்ல மாட்டேன். மேடையில் பேச்சு வராது. கோபம் முந்திக்கொண்டு வரும். ஆனால் ஒன்றைக் கேட்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். சங்கத்துக் கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தது நான்தான்.

1972இல் பாஞ்சாலை என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டபோது இலை ஏற்றும் லோரியில்தான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திறந்த லோரி, நல்ல மழை. வழியில் ஒரு வளைவிலேயே குழந்தை பிறந்தது, பிழைக்கவில்லை. அன்றிலிருந்து நோயாளிகளுக்கு ஒரு மூடிய வேன் வேண்டும் என்று நாகரத்தினம் தோட்ட மேனேஜரான துரையிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். லோரி போதும் என்பதே ஒவ்வொரு முறையும் பதில்.

அந்த லோரியை ஓட்டியவர் லெட்சுமணன். அவரும் நாகரத்தினமும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். சங்கத்தில் லெட்சுமணன் துணைத்தலைவர். நாகரத்தினத்துக்கு வராத பேச்செல்லாம் அவருக்கு வரும்.

1974இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாகரத்தினம் ஓர் எண்ணெய் டிரம்முக்குள் மாட்டிக்கொண்டார்.

தைல மரத்து இலையைப் போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் இடுப்பு முங்க உட்கார்ந்தால் வலி விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காக லெட்சுமணன் ஒரு காலி டிரம் கொண்டுவந்தார். மேல்மூடியை விளிம்போடு வட்டமாக வெட்டி எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமையில்லாமல், உளியால் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்து, நான்கு மடல்களையும் உள்பக்கம் மடக்கி அடித்துவிட்டார். கூர் படாமலிருக்க மேலே சாக்கைச் சுற்றினார்கள். உள்ளே இறங்கும்போது மடல்கள் வழிவிட்டன. வெந்நீரில் சாக்கு நழுவியது. எழுந்தபோது நான்கு முனைகளும் விலாவிலும் முதுகிலும் ஏறின. அதே நேரம் இடுப்பும் பிடித்துக்கொண்டது.

ஞாயிறாகையால் லயம் முழுவதும் வீட்டில்தான் இருந்தது. தண்ணீர் சிவப்பதைப் பார்த்து அவர் மனைவி ருக்குமணி போட்ட கூச்சலில் எல்லோரும் கொல்லைக்கு ஓடிவந்தோம். அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடித்தார்கள். மேற்கொண்டு உளி வைக்க வேண்டாம், ஒரு முனை நுரையீரல் பக்கம் நிற்கிறது என்று தோட்டத்து மருந்தகத்தின் டிரெஸர் அமிர்தலிங்கம் தடுத்துவிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து டிரம்மை ஆளோடு தூக்கி லோரியில் வைத்தோம். உள்ளே அவர் உடம்பில் ஒரு துணியும் இல்லை. தோளில் ருக்குமணியின் கைலியைப் போர்த்தினோம். வழியிலிருந்த பிரிஞ்சாங் ஊர்க் கடைத்தெருவை அந்தக் கோலத்தில்தான் கடந்தார். காய்கறி வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். வெளியே தெரிந்தது தலை மட்டும்தான். அதையும் அவரால் குனிந்து மறைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் தீயணைக்கும் பொம்பாக்காரர்கள் வந்து தகரத்தை வெட்டும் கருவியை எடுத்து வைத்தபோது, அவர் லெட்சுமணனின் மணிக்கட்டைப் பிடித்தார். நான் டிரம்முக்கு மறுபக்கம் நின்றிருந்தேன்.

"டிரம்ம ஊரே பாத்துருச்சு. அது போகட்டும். உங்கிட்ட சொன்னத மட்டும் வெளிய விட்டுறாத, லெச்சுமா."

"நான் ஏன்டா விடப் போறேன்," என்றார் லெட்சுமணன்.

அது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. இருபத்து மூன்று தையல் போட்டு அவரைப் படுக்க வைத்தார்கள்.

அந்தப் புதன்கிழமை துரையோடு சங்கத்துக்குக் கூட்டம். தலைவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் லெட்சுமணன் பேசினார். நான் குறிப்பெழுத உட்கார்ந்திருந்தேன். வேன் பேச்சு வந்தது. துரை வழக்கம்போல் லோரி போதும் என்றார். லெட்சுமணன் உடனே டிரம் கதையைத் தொடங்கினார். லோரியில் அது எப்படி ஆடியது, எட்டுப் பேர் எப்படிப் பிடித்தார்கள், கடைத்தெருவில் ஒரு சீனக் கிழவி என்ன கேட்டாள் என்று நடித்தே காட்டினார். தோட்ட ஆபீஸ் பெரிய கிராணி வாயைப் பொத்திக்கொண்டார். தோட்டத்துத் தமிழ் நன்றாகத் தெரிந்த துரை, நாகரத்தினம் எதற்காக அதற்குள் போனான் என்று கேட்டார்.

லெட்சுமணன் ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தை நான் இன்றும் மறக்கவில்லை. இடுப்பு வலி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், அதுவும் உண்மைதான்.

"ஐயா பங்களாவுக்கு வயசுப்பையனா வெந்நீர் சுமந்திருக்கான். அங்க வெள்ளைத் தொட்டியில பழைய துரை காலை நீட்டிப் படுத்திருந்தத பாத்தானாம். ஒரு நாளாச்சும் துரை மாதிரி கழுத்து வரைக்கும் வெந்நீர்ல கிடக்கணும்னு அவனுக்கு ஆசை. அந்த ஆசைதான் உள்ள எறக்கிருச்சு."

துரை கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். கிராணி சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், சரி, ஒரு பழைய வேன் பார்க்கச் சொல்கிறேன் என்றார் துரை.

செத்துப்போன ஒரு குழந்தைக்காக இரண்டு வருஷம் எழுதிய கடிதங்கள் அசைக்காததை அரை மணி நேரச் சிரிப்பு அசைத்தது. இதைப் பற்றிப் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த முடிவுகள் எதுவும் நெடுநாள் நிற்கவில்லை.

மூன்று மாதத்தில் சாம்பல் நிற வேன் வந்தது. லெட்சுமணன் அதற்கு டிரைவரானார். கதை அதற்கு முன்பே ஒவ்வொரு லயத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. தையல் பிரித்து வேலைக்குத் திரும்பிய நாகரத்தினத்தை, "என்னா துரை, வெந்நீர் ரெடியா?" என்று கேட்டார்கள். அதைக்கூட அவர் தாங்கியிருப்பார். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த துரையே ஒரு நாள், உலர்த்தும் அறை வாசலில் நின்று, "தண்ணி சூடு போதுமா, நாகரத்தினம்?" என்று கேட்டார். அந்த வாரமே நாகரத்தினம் தலைவர் பதவியை விடுவதாக என்னிடம் கடிதம் எழுதச் சொன்னார். காரணம் என்ன போட என்றேன். ஒன்றும் போட வேண்டாம் என்றார். அந்தத் துரையிடம் இனி நிமிர்ந்து நின்று எதையும் கேட்க முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்திருந்தது.

லெட்சுமணன் ஒரே ஒரு முறை அவர் வீட்டுக்குப் போய் நியாயம் சொன்னார். "அழுது கேட்டோம், கொடுக்கல. சிரிக்க வச்சுக் கேட்டேன், கொடுத்துட்டான். வேன் யாருக்கு வந்துச்சு, எனக்கா?" நாகரத்தினம் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். அதன்பின் பத்து வருஷம் இருவரும் பேசவில்லை.

அந்தப் பத்து வருஷத்தில் வேன் எத்தனையோ பிரசவங்களுக்கும் பாம்புக்கடிக்கும் ஓடியது. பாஞ்சாலையின் அடுத்த இரண்டு பிள்ளைகளும் உயிரோடு பிறந்தார்கள். லெட்சுமணன் எந்நேரம் கூப்பிட்டாலும் எழுந்து வருவார். அதில் குறை சொல்ல முடியாது. இவ்வளவு நன்மைக்கு ஒருவனுடைய ரகசியம் பெரிய விலையா என்று கேட்பவர்கள் இருந்தார்கள். அந்த விலையைக் கொடுத்தது லெட்சுமணன் அல்லவே என்பதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1984இல் ஒரு காலை நாகரத்தினத்துக்கு வயிற்றில் வலி கண்டது. மத்தியானத்துக்குள் நிற்க முடியாமல் போனது. ருக்குமணி வேனைக் கூப்பிடக் கிளம்பினாள். வேன் வந்தால், செத்தாலும் அதில் ஏற மாட்டேன் என்று அவர் தடுத்தார். அவளும் நானுமாகத் தாங்கிப் பிடித்து ரோட்டோரம் கொண்டுவந்தோம். முக்கால் மணி நேரம் காத்திருந்தபின் கியா பார்மிலிருந்து வந்த காய்கறி லோரி ஒன்று நின்றது. முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே அவரைப் படுக்க வைத்து நாங்களும் ஏறிக்கொண்டோம். யாரோ லெட்சுமணனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது வளைவில் திரும்பிப் பார்த்தேன். சாம்பல் நிற வேன் காலியாக எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது. டவுன்வரை முந்தவும் இல்லை, விலகவும் இல்லை.

குடல்வால் வெடித்திருந்தது. டாக்டர் எப்படியோ காப்பாற்றினார்.

நான்காம் நாள் மாலை லெட்சுமணன் வார்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"பின்னாலயேதான் வந்தேன், நாகு. ஒரு கை காட்டியிருந்தா நிறுத்தி ஏத்தியிருப்பேன்."



"அன்னைக்கு உன் கையப் புடிச்சே கேட்டேன்," என்றார் நாகரத்தினம்.

லெட்சுமணன் பார்வையாளர் நேரம் முடியும்வரை நின்றார். கடைசி பஸ் போய்விட்டிருந்தது. துவைக்க வேண்டிய துணிகளை மூட்டை கட்டிய ருக்குமணி, "அண்ணே, நான் வேன்ல வரேன்," என்றாள். நாகரத்தினம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.