டிவியை முந்திய ஸ்கோர்

கிரிக்கெட்டில் எனக்கு ஆர்வம் கிடையாது. ஆனால் ஸ்கோர் சொல்லும் இணையதளங்களில் எது வேகம், எது மந்தம், எது வெறும் பம்மாத்து என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். எல்லாம் அப்பாவின் நெஞ்சுக்காகப் படித்த பாடம்.

அப்பா போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, தென்காசி வீட்டுக்குக் கூட்டி வரும் அன்று டாக்டர் என்னைத் தனியாக வெளியே அழைத்து, "டென்ஷன் ஆகக் கூடாது, பாத்துக்கோங்க" என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னோம், குறைத்தார். ஊறுகாயை விட்டார். கிரிக்கெட்டை மட்டும் விட மாட்டேன் என்று நின்றார்.

"மேட்ச்சும் பாக்கக் கூடாதுன்னா என்னத்துக்குப் பொழைக்க வச்சிய?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டு டிவி நெட்டில் ஓடுவது. மைதானத்தில் நடப்பது அதில் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். ஒரு மத்தியானம் அப்பா மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தபோது சும்மா போனில் ஸ்கோரைத் தட்டினேன். போனில் விக்கெட் விழுந்துவிட்டது. டிவியில் பந்து வீசுகிறவன் அப்போதுதான் ஓடி வரத் தொடங்குகிறான். மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்ற பையனுக்கு ஒன்றும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். இது போதுமே என்று தோன்றியது.

அன்றே ஆராய்ச்சி ஆரம்பம். முதலில் பிடித்தது பந்துக்குப் பந்து வர்ணனை எழுதுகிற ஆங்கிலத் தளம். மட்டையாளன் முழங்கையை எப்படி மடக்கினான் என்பது வரை அழகாக எழுதுவார்கள். எழுதி முடிப்பதற்குள் டிவியில் அடுத்த பந்தே வந்துவிடும், நமக்கு ஆகாது. தமிழ்த் தளம் ஒன்று, 'கடைசி ஓவரில் காத்திருந்த அதிர்ச்சி' என்று தலைப்புப் போட்டுவிட்டு, அதிர்ச்சி யாருக்கு என்று சொல்லாமல் கீழே கீழே இழுத்துக்கொண்டு போகும். நடுநடுவே நகைக்கடை விளம்பரம் வேறு. எரிச்சலில் அதைத் தூக்கி எறிந்தேன். இன்னொன்றில் யார் ஜெயிப்பார்கள் என்று சதவீதக் கணக்கில் ஒரு பட்டை உண்டு, சிக்சருக்கு ஏறும், விக்கெட்டுக்கு இறங்கும். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. "நமக்கு எம்புட்டு இருக்கு?" என்று அடுப்படியில் காதோரம் வந்து கேட்பாள். கடைசியில் கிடைத்ததுதான் வெறும் எண்கள் மட்டும் போடுகிற தளம். பார்க்க ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்கும், ஆனால் அதை முந்த ஆள் இல்லை.

அதையே வைத்துக்கொண்டேன். நான் அடுப்படியில் போனும் கையுமாக நிற்பேன். விக்கெட் விழுந்தால் அம்மா தண்ணீர்ச் செம்போடு போய் டிவியை மறைத்துக்கொண்டு நிற்பாள். ஆட்டமே கைவிட்டுப் போகிறது என்றால் மோடத்தை அணைத்துவிடுவேன். "நெட்டு போயிட்டுப்பா. சாரல் காத்துல்லா" என்பேன். குற்றாலத்தில் சீசன் நடக்கும்போது தென்காசியில் கரண்ட் போனாலும் நெட் போனாலும் யாரும் காரணம் கேட்பதில்லை. இந்தியா ஜெயிக்கிறது என்றால் நெட் தானாக வந்துவிடும். தோற்றதை அப்பா மறுநாள் பேப்பரில் படிப்பார். ஆறிப்போன செய்தி நெஞ்சை ஒன்றும் செய்யாது என்பது என் கணக்கு. அந்த சீசன் முழுக்க எங்கள் வீட்டு டிவியில் இந்தியா தோற்கவே இல்லை.

ஆனால் காலமெல்லாம் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஆட்களின் முகத்தைப் பார்த்தவரிடம் இந்த வித்தை எத்தனை நாள் ஓடும்? ஒருநாள் அம்மா செம்போடு போய் நின்றாள். டிவியில் பந்து இன்னும் வீசவே இல்லை.

"அவுட்டாக்கும்?" என்றார் அப்பா.

அம்மா செம்பைக் கீழே போடாத குறைதான். டிவியில் ஸ்டம்பு பறந்தது.

"ஏட்டி, இங்கன வா."

போய் நின்றேன்.

"ஒங்கம்ம தண்ணியோட வந்தாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கு. மேட்ச்சைப் பாத்து அடிக்கல. செம்பைப் பாத்து அடிக்கு."

"ஒங்க நல்லதுக்குத்தானப்பா..."

"குத்தாலத்து அருவியில எத்தன சீசன் பந்தோபஸ்து பாத்திருக்கேன்! மேல தண்ணி கூடுதுன்னு தெரிஞ்சா என்ன செய்வேன்? விசில் அடிச்சு, குளிக்கவன் அத்தன பேரையும் வெளிய ஏத்துவேன். பயந்துருவான்னு ஒளிச்சு வச்சா அவன் கதி என்ன?" கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே சொன்னார். "ஆஸ்பத்திரியிலயும் நீங்க இப்படித்தான் செஞ்சிய. எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல. ஒங்க மூஞ்சியளப் பாத்துப் பாத்து நானா நெனச்சுக்கிட்டேன். சாகப் போறேன்னுதான் நெனச்சேன்."

ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்க அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கப்பா தைரியசாலி என்று வந்து பார்த்த சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்திருந்தேன்.

போனை அவர் கையில் கொடுத்து, இதுதான் இருப்பதிலேயே வேகமான தளம் என்றேன். வாங்கிப் பார்த்தார். "இதுல பாத்துட்டா பொறவு டிவியில என்னத்தப் பாக்க?" என்று கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தியா தோற்றது, அதுவும் படுகேவலமாக. அப்பா கேப்டனில் தொடங்கி ஒருவரையும் மிச்சம் வைக்காமல் திட்டினார். நான் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டி முடித்ததும் அம்மாவிடம் காப்பி கேட்டார்.

அடுத்த மாதம் செக்கப்புக்கு ஆலங்குளம் வழியாகப் பஸ்ஸில் திருநெல்வேலி போனோம். எக்கோ எடுத்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, போன தடவை மாதிரியே, வெளியே வாருங்கள் என்று எனக்குத் தலையசைத்தார். பாதி எழுந்துவிட்டேன். அப்பா ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்ப உட்கார்ந்தேன்.

"இங்கயே சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு நாற்காலியை அப்பா பக்கம் திருப்பி, இதயம் பம்ப் செய்கிற திறன் முன்னைவிடக் குறைந்திருக்கிறது, மருந்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார். அப்பாவும் நானும் அதை ஒரே நேரத்தில் கேட்டோம்.