தீபாவளி சேலும் ஸ்டெல்லாவின் கிராஃபிக்ஸ் கார்டும்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விற்கும் கடையில் சீனியர் சேல்ஸ்மேன் நான். சேல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விலையை ஏற்றிவிட்டு இறக்கிக் காட்டும் கூத்தை எங்கள் தெருவிலேயே நிறையப் பார்த்தாகிவிட்டது. அந்த எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றியவர் எங்கள் முதலாளி ஃபரீதா மேடம். பிரேசர் டவுன்காரர்.

தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் நிற்க இடமில்லை. லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்டெல்லா தன் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். ஆன்லைன் சேலில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தாள். அதோடு எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, காம்போ ஆஃபரில் பாதி விலைக்குக் கிடைத்ததாம். இரண்டையும் மாட்டியதிலிருந்து தொல்லை.

"அண்ணா, தாலி கட்டுற இடத்துல பூ மழை எஃபெக்ட் போட்டிருக்கேன். முழு வீடியோவா ரெண்டர் ஆகுறப்போ கரெக்டா அங்க வந்ததும் சிஸ்டம் பொட்டுனு ஆஃப் ஆயிடுது. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வர்றதுக்குள்ள வீடியோ குடுக்கணும். இல்லன்னா அந்த ஸ்டுடியோ இனிமே எனக்கு வேலையே தராது."

கார்டைத் திருப்பிக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள், எடுத்துப்போக ஆள் வரச் சொல்லியிருந்தாள். கொடுத்துவிட்டால் அந்த விலைக்கு மறுபடி கிடைக்காது.

வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். "சேல்ல நல்ல பீஸ் எவன் குடுப்பான்? ரிட்டர்ன் பண்ணிடும்மா." எனக்கும் அதே நினைப்புதான்.

மேடம் நேராகக் கம்ப்யூட்டரைத் திறந்தார். அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். எங்கள் தொழிலில் அது பழைய பழக்கம். உள்ளே சரக்கு இருந்தால் பெட்டி கனக்கும்.

"அரே, காலி டப்பா மாதிரி இருக்கே. கரண்ட் பத்தாமத்தான் ஆஃப் ஆகுது, கார்டு மேல பழி போடாதம்மா. சேகர், நம்ம எஸ்எம்பிஎஸ்ஸ மாட்டி பெஞ்சுல ஓட விடு."

"மேடம், இருக்கிறது ஒரே டெஸ்ட் பெஞ்ச். இவ்வளவு கூட்டத்துல..." என்று இழுத்தேன்.

"ஓடட்டும்பா."

ரெண்டர் ஓடத் தொடங்கியது. வரிசை அப்படியே நின்றது. பின்னாலிருந்து ஒருவர் "பேக மாடி மேடம்" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். "ஸ்வல்ப இரி சார், மதுவே நடீதா இதே" என்றார் மேடம். கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றதும் அவரும் சிரித்துவிட்டு மானிட்டர் பக்கம் எட்டிப் பார்த்தார்.

வீடியோவில் ஊஞ்சல் முடிந்தபோது ஸ்டெல்லாவின் போன் அடித்தது. கார்டை எடுத்துப்போக வந்தவர் அவள் வீட்டு வாசலில் நின்றார். இன்னொரு நாள் வாருங்கள் என்று இவள் கேட்டால், இன்றோடு முடிகிறது, ரிட்டர்ன் வேண்டுமா வேண்டாமா என்கிறார். தாலி கட்டும் இடம் இன்னும் வரவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

"ரிட்டர்ன கேன்சல் பண்ணும்மா. அது நல்ல கார்டு, நல்ல விலை. அந்த ரேட்டுக்கு என்னால குடுக்க முடியாது. கெட்டுப் போச்சுன்னா என் கடைக் கார்டு ஒண்ணு உனக்குத் தர்றேன்" என்றார் மேடம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்தவன் விற்ற பொருளுக்கு இவர் கேரண்டி கொடுக்கிறார்! ஸ்டெல்லா மேடத்தின் முகத்தையே பார்த்தாள். பிறகு போனில், "வேண்டாம், கேன்சல்" என்றாள்.

கெட்டி மேளம் வந்தது. பூ மழை கொட்டியது, மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டார். சிஸ்டம் அசையாமல் ஓடியது. வரிசையில் யாரோ கை தட்ட, கடை முழுக்கத் தட்டியது. ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பில் போடும்போது, "இதுக்கு ஆஃபர் கெடையாது. இது எப்பவும் ஒரே விலைதான்" என்றார் மேடம்.

அத்தோடு முடிந்திருந்தால் நிம்மதி. முன்னால் நின்றவர், "மேடம், நான் எடுத்திருக்கேனே இந்த மானிட்டர், இது நெஜமாவே மலிவா?" என்று கேட்டார். எங்கள் கடை வாசலிலும் சேல் போர்டு தொங்குகிறதே!

"போன மாசமும் இதே ரேட்தான் சார். தேவைன்னா எடுங்க, ஆஃபர்னு எடுக்காதீங்க. அந்த எஸ்எஸ்டி டிஸ்க் மட்டும் நெஜமாவே எறங்கியிருக்கு."

அவர் மானிட்டரை வைத்துவிட்டு எஸ்எஸ்டியை எடுத்தார். உடனே வரிசை முழுக்கக் கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டத் தொடங்கியது. மேடம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பாதிப் பேர் எதுவும் வாங்காமல் போனார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் அப்படியொரு முதலாளியிடம் வேலை பார்க்கிறேன் என்று அன்றைக்குப் பெருமையாகவும் இருந்தது.

இப்போது சேலில் நிஜமான மலிவு உண்டா என்று யாராவது கேட்டால், எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்வதில்லை. என்ன எடுத்திருக்கிறீர்கள், காட்டுங்கள் என்கிறேன்.