குள்ளர்களின் ஞாயிற்றுக்கிழமை

அந்த விளையாட்டில் எலிக்குப் படம் கிடையாது. ஒரு சின்னக் குறிதான் எலி. சாம்பல் நிறத்தில் சட்டென்று தோன்றும், இரண்டு துடிப்புத் துடிக்கும், மறைந்துவிடும். முதலில் பார்த்தபோது கம்ப்யூட்டரில் ஏதோ பழுது என்றுதான் நினைத்தேன்.

சுனாமிக்கு ஏழெட்டு வருஷம் கழித்து நடந்த காரியம் இது. பதினோரு வருஷம் கல்ஃபில் கட்டட வேலை பார்த்து, சாரத்திலிருந்து விழுந்து, முதுகில் அடிபட்டு, எங்கள் கடற்கரை ஊரான இனயத்துக்குத் திரும்பி வந்திருந்தேன். நாகர்கோவில் டாக்டர் இடுப்புக்கு ஒரு பெல்ட் மாட்டிவிட்டு, குனியவும் கூடாது, பாரம் தூக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இந்த இரண்டும் இல்லாமல் ஒரு ஆம்பளைக்கு என்ன வேலை இருக்கிறது? கட்டிலில் கிடந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் நாகர்கோவிலில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தாள். அவளுக்கென்று வாங்கின கம்ப்யூட்டர் வீட்டில் சும்மா கிடந்தது. ஒரு சனிக்கிழமை வந்தவள் அதை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, இந்த விளையாட்டைப் போட்டுத் தந்தாள்.

"இதில சுடவும் வேண்டாம், வண்டி ஓட்டவும் வேண்டாம்ப்பா. மலைக்குள்ள கொஞ்சம் குள்ளன்மாரு இருக்காவ. அவியளுக்கு ஒரு ஊரு உண்டாக்கிக் குடுக்கணும்."

"அப்போ நான் மேஸ்திரியா?"

"மேஸ்திரிதான். ஏவலாம். கையப் புடிச்சு இழுக்க முடியாது. அவனுவளுக்குத் தோணும்போது செய்வானுவ."

"கல்ஃபில எனக்க மேஸ்திரியும் இதைத்தான் சொல்லுவான்," என்றேன். விழுந்த பிறகு நான் சொன்ன முதல் தமாஷ் அது என்று மகள் பிறகு ஒருநாள் சொன்னாள்.

எந்தச் சாவியை அமுக்கினால் என்ன நடக்கும் என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போனாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. இங்கே கிடக்கும் மண்ணைத் தோண்டு, அங்கே பண்டகசாலை என்று கோடு போட்டுக் காட்டினால், அவர்களாக வந்து தோண்டுவார்கள், சுமந்து கொண்டுபோய் வைப்பார்கள். ஆற்றில் மீன் பிடிப்பதற்கும் ஆள் உண்டு. பிடித்த மீனை அறுத்துச் சுத்தம் செய்ய ஒரு மேசை, பிறகு பீப்பாயில் அடைப்பு. நமக்குத் தெரிந்த தொழில் என்றதும் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

அப்புறம் எலி வந்தது. எலியும் ஈயும் பல்லியும். வைத்த சாப்பாடு குறைந்துகொண்டே போகும்.

கடற்கரையில் பிறந்தவனுக்கு எலியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். மீன்வாடை அடித்தால் நைலான் வலையையே கடித்துப் போடும் சாதி அது. பூனை வளர்த்தேன். அந்த ஊர்ப் பூனைகளுக்கு ஒரு குணம் உண்டு. நாம் பூனைக்கு எசமானைத் தேட முடியாது. பூனையே ஒரு குள்ளனைத் தேர்ந்தெடுத்து அவன் பின்னால் போய்விடும். எலியைப் பிடித்தால் அவன் முன்னால் கொண்டுவந்து போடும். கொஞ்ச நாளில் ஊரெல்லாம் பூனை, ஊரெல்லாம் செத்த எலி. எலி மட்டும் குறைந்தபாடில்லை. பொறி வைக்கிறதற்கு ஒரு ஆளை ஏற்படுத்தினேன். அவன் பிடித்த எலியைக் கூண்டில் வைத்துக்கொண்டே இருந்தான். அப்போதும் குறையவில்லை.

இந்த இடத்தில் என் நேர்ச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்ஃபில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அங்குள்ள சர்ச்சில் எங்கள் பூசையும் வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரத்தில் ஏறி நிற்பேன். பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காத கரையில் வளர்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பதினோரு வருஷமும் மனதுக்குள் ஒரு முள். விழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அங்குள்ள ஆஸ்பத்திரியில் காலை அசைக்க முடியாமல் கிடந்தபோது மாதாவிடம் நேர்ந்துகொண்டேன்: என்னை நடக்க வைத்தால் இனி என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் நடக்காது, அடுப்பு எரிவதைத் தவிர. மாதா நடக்க வைத்தாள்.

விளையாட்டிலும் அதையே செய்தேன். அங்கே மாதத்துக்கு இருபத்தெட்டு நாள். கணக்காக நாலு ஞாயிறு வருகிறது என்று கண்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். மலைக்குள் ஒரு பெரிய கூடம் வெட்டி, சிலை ஒன்று செதுக்கி வைத்து, ஏழாம் நாள் வந்ததும் எல்லாரும் அந்தக் கூடத்துக்குள்ளேயே இருக்கும்படி ஆணை போட்டேன். ஒவ்வொருவனாகப் பெயரைக் குறித்து அதில் சேர்க்க வேண்டும். பொறுமையாகச் சேர்த்தேன்.

அடுத்த வாரம் மகள் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, இங்க வந்து பாரு! அப்பா குள்ளன்மாருக்கு லீவு விட்டிருக்கு!"

என் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இதுவளுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்தாச்சா?" என்று கேட்டாள். "குடுக்காம பூசைக்கு ஏத்தினா சாமியாரு ஏசுவாரு."

"நீ போய் உனக்க வேலையப் பாரு," என்றேன்.

"நாளைக்கு நாயிறில்லியா? எனக்கும்தான் லீவு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல்லில் இருந்த சூடு அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவளுக்குக் கருவாட்டு வியாபாரம். கரையில் நெத்தோலியும் சாளையும் வாங்கி, முற்றத்தில் காயப்போட்டு, பின்பக்க அறையில் டிரம்மில் அடைத்து, கிழக்கே சந்தைக்குக் கொண்டுபோவாள். என் வருமானம் நின்ற பிறகு வீட்டுச் சோறும் மகள் படிப்பும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை வள்ளம் போகாது என்பதால் சனிக்கிழமைதான் அவள் நிறைய வாங்குவாள். அந்த மீன் அன்று சாயங்காலத்துக்குள் பாதிதான் காய்ந்திருக்கும். டிரம்மில் போட்டால் புழு வைத்துவிடும். ஞாயிறு வெயிலும் வேண்டும், நடுவில் புரட்டிப் போடவும் வேண்டும், அந்திக்கு முன் அள்ளவும் வேண்டும். நான் வந்த பிறகு அது நின்றது. சனிக்கிழமை அந்தியில் தார்ப்பாயைப் போட்டு நாலு மூலையிலும் கல்லை வைப்பாள். திங்கட்கிழமை விடிந்துதான் திறப்பாள்.

திறக்கும்போது பாதி மீனுக்கு வயிறு இருக்காது. எலி வயிற்றைத்தான் முதலில் கடிக்கும். கடிபட்டதைச் சந்தையில் வியாபாரி விரலால் தொடவும் மாட்டான். இரண்டு வாரம் அவன் முனகினான். மூன்றாவது வாரம், "இனி இப்பிடிக் கொண்டாந்தா எனக்க கடைப்பக்கம் வராதே," என்று சொல்லிவிட்டான். கூடையைத் தொப்பென்று இறக்கி வைத்துவிட்டு அவள் இதை என்னிடம் சொன்னாள். அழவில்லை. மழை தொடங்க இரண்டு மாதம்தான் இருந்தது. மழைக்குள் டிரம் நிறையாவிட்டால் அந்த வருஷம் எங்களுக்குச் சோறு இல்லை, மகளுக்குப் படிப்பும் இல்லை.

"ஒரு பூனை கொண்டாருவோம்," என்றேன், அனுபவசாலி மாதிரி.

கொண்டுவந்தோம். அது எலியோடு சேர்ந்து கருவாடு தின்றது. "எலிக்கு ஒரு துணை ஆச்சு," என்றாள் அவள். பொறி வைத்தோம். ஒரு பெருச்சாளி மாட்டியது, மறுநாள் நாலு வந்தது.

வெளியே எலி, கம்ப்யூட்டருக்குள்ளும் எலி. உள்ளே நிலைமை இன்னும் மோசம். குள்ளர்கள் பட்டினி என்று வரி வரியாக எழுத்து ஓட ஆரம்பித்தது. அந்த வாரம் வந்த மகளிடம் காட்டினேன். அவள் விளையாட்டை நிறுத்தி நிறுத்தி, ஒரு நாளை நாலாக வெட்டி ஓடவிட்டாள். நானும் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தேன்.

"அப்பா, எலி எங்க வருதுன்னு பாருங்க. பீப்பாயில இருக்குத ஒரு மீனையாவது தொடுதா?"

இல்லை. ஒன்றையும் தொடவில்லை. அறுக்கும் மேசைக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் கிடந்த மீனைச் சுற்றித்தான் அந்தக் குறி துடித்தது.

"ஆறாம் நாளு புடிச்ச மீனு. ஏழாம் நாளு எடுக்க ஆளில்ல. எல்லாரையும் நீங்க கோயிலுக்குள்ள அடச்சுப்போட்டிய. வெளிய வந்த பொறவும் முந்தின வேலையே முடியாம கெடக்கு. எலி என்ன செய்யும்? கெடக்குதத் தின்னும்."

"அப்போ இத்தன நாளு எப்படிச் சாவாம இருந்தானுவ?"

அவள் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டாள். ஏழாம் நாள். கூடத்தில் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். வெளியே ஒரே ஒரு உருவம் மேசைக்கும் பண்டகசாலைக்கும் நடந்துகொண்டிருந்தது. மீனைத் தூக்கும், கொண்டுபோய்ப் பீப்பாயில் போடும், திரும்பி வரும். அந்த ஊருக்குப் பிற்பாடு வந்து சேர்ந்த குள்ளர் கூட்டத்தில் ஒருத்தி. அவள் பெயரை ஆணையில் சேர்க்க நான் மறந்திருக்கிறேன். பூசை இல்லாமல், ஓய்வு இல்லாமல், ஒவ்வொரு ஏழாம் நாளும் ஒற்றைக்கு அவள்தான் சுமந்திருக்கிறாள்.

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். முற்றத்தில் என் மனைவி தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அன்றும் சனிக்கிழமைதான்.

அவளைக் கூப்பிட்டேன். "ஏட்டி, ஒண்ணு கேக்கட்டா? நான் அங்க கெடந்த வருஷமெல்லாம் நாயித்துக்கிழம மீன யாரு அள்ளினா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மாதாவா வந்து அள்ளினா? நான்தான்."

"ஒவ்வொரு வாரமுமா?"

"முதல் பூசைக்குப் போயிட்டு வந்து சேலைய மாத்திட்டுப் புரட்டுவேன். அந்தியில அள்ளுவேன். பின்ன ஆரு இருக்கா எனக்கு?" தார்ப்பாயின் முனை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "அத மாசா மாசம் பாவசங்கீர்த்தனத்தில சொல்லவும் செய்வேன். அது பாவமில்ல, போன்னுதான் சாமியாரு சொல்லுவாரு. எனக்கு மனசு கேக்காது. அடுத்த மாசமும் சொல்லுவேன்."

"எங்கிட்ட ஒருதரம்கூட சொல்லல்லியே."

"எப்படிச் சொல்ல? போன் பண்ணும்போதெல்லாம், நாயித்துக்கிழம வேல செய்ய வேண்டியிருக்கே, எனக்க விதியேன்னு நீங்க அழுவீங்க. நானும் அதத்தான் செய்யுதேன்னு சொன்னா, அங்க ஒரு ஆளு கெடந்து ரெண்டு பேருக்காவ அழணும்."

பிறகு கொஞ்சம் மெதுவாக, "நேந்துக்கிட்டது நீங்க. நடத்துதது நான். அதத்தான் கொஞ்ச நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

அன்று அந்தியிலேயே பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனேன். நேர்ச்சையை மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். குள்ளர்களைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. மீனைப் பற்றி மட்டும் சொன்னேன். வேறு எதை நேர விரும்புகிறாய் என்று கேட்டார். என் கையால் செய்யக்கூடியதை மட்டும் நேர்கிறேன் என்றேன். அது போதும் என்று அவர் என் தலையில் கை வைத்துச் செபித்து அனுப்பினார்.

மறுநாள் முதல் பூசை முடிந்து வந்தோம். பகலில் மீனை அவள் புரட்டிப் போட்டாள். வெயில் சாயும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை முற்றத்தில் போட்டு நான் உட்கார்ந்தேன். எனக்குக் குனிய முடியாது, அவளால் முடியும். அவள் அள்ளிச் சுளகில் தருவாள். நான் மடியில் வைத்துப் பொறுக்கி டிரம்மில் போடுவேன். பதினோரு வருஷம் அவள் தனியாகச் செய்த வேலை அது. என் விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பெரிசையும் சிறிசையும் கலக்காதீங்க. சந்தையில எனக்கு ஏச்சு வாங்கித் தராதீங்க."

"எல்லாம் நெத்தோலிதானே?"

"மேஸ்திரிக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்று சொல்லி என் மடியிலிருந்ததைப் பறித்து அவளே பிரித்துக் காட்டினாள். மறுபடி செய்தேன். மறுபடி திட்டினாள். மகள் பின்பக்க அறையில் டிரம்களைச் செங்கல் மேல் தூக்கி வைத்து மூடி போட்டுக்கொண்டே வந்தாள். இருட்டும்போது முற்றத்தில் ஒரு செதில்கூடக் கிடக்கவில்லை. எலி வராமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வந்திருக்கும். பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

வியாபாரியிடம் என்ன சொல்லுவாளோ, அவன் திரும்பச் சேர்ப்பானோ மாட்டானோ, மறுநாள் காலை பஸ் ஏறினால்தான் தெரியும். கை கழுவிவிட்டு வந்து மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிச் செபமாலை தொடங்கினோம். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதியை நான் சொல்ல, பிற்பாதியை அவளும் மகளும் சொன்னார்கள். மூன்றாம் பத்து மணியில் அவள் குரல் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். வாயைக் கொஞ்சம் திறந்தபடி, மணியைப் பிடித்த விரல் மடியில் கிடக்க, உறங்கிப்போயிருந்தாள். மகள் எழுப்பக் கையை நீட்டினாள்.

"வேண்டாம் மக்கா," என்றேன்.

மீதியை நானே தாழ்ந்த குரலில் சொன்னேன், அவளுடைய பாதியையும் சேர்த்து.