ஸ்டூலில் முதலில் உட்கார்ந்தவர்

எழுபதுகளின் கடைசியில், ஆவணி மாத வெயிலில், காரைக்காலிலிருந்து வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போன வழியில் நடந்தது இது. நான் நாலாவது வரைதான் படித்தவன். தருமபுரத்தில் குடியிருந்துகொண்டு ஓர் அரிசி மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் நடுவில் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு எழாது. கடையில் போய் ஒரு சாமானைக் கேட்டு வாங்கவே கூச்சப்படுவேன்.

அதற்கு முந்தைய வருடம் டைபாய்டு காய்ச்சலில் படுத்துவிட்டேன். பிழைப்பேன் என்று யாரும் நினைக்கவில்லை. நான் எழுந்து உட்கார்ந்தால் நடந்தே வருவதாக என் மனைவி மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துவிட்டேன். ஆனால் நேர்த்திக்கடனைச் செலுத்துவதற்குள் அவளுக்கு நெஞ்சு பலவீனமாகிவிட்டது. கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும், உதடு வெளுக்கும்.

கோயில் சாமியார்கூட, "பஸ்ஸுல போயிட்டு வாம்மா, மாதா கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள். "கோவிச்சுக்க மாட்டாங்கதான். ஆனா உங்க உசுரக் கேக்கறப்ப பஸ்ஸுல வர்றேன்னா கேட்டேன்?"

 டாக்டரிடம் கேட்டோம். அவர் மெதுவாக, இரண்டு நாளாகப் பிரித்து நடக்கச் சொன்னார். மூச்சு முட்டினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஆனால் தரையில் உட்காரக் கூடாது. குந்தி எழுந்தால் அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வரும்.

அப்படியென்றால் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எந்த நாற்காலி என்பதுதான் அந்த மாதம் முழுவதும் என் கவலை.

முதலில் பந்தல் கடையிலிருந்து ஓர் இரும்பு மடக்கு நாற்காலியை எடுத்து வந்தேன். தூக்கிப் பழகலாம் என்று வரிச்சிக்குடி வரை நடந்தேன். போய்ச் சேருவதற்குள் தோள் கன்றிவிட்டது. போதாததற்கு வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள், "என்னாண்ணே, பொண்ணு பாக்கவா? அங்க உக்கார நாக்காலி இல்லியாமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். திரும்பும்போது வேறு வழியாக வந்தேன்.

பிறகு பிரம்பு மோடா. கனமே இல்லை. ஆனால் மடங்காது. அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தால் காலில் இடித்தது. துணி போட்ட ஈசி சேரில் அவள் உட்கார்ந்ததும் உள்ளே அமுங்கிப் போனாள். எழுப்புவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

நான் அரிசி கொண்டுபோய்ப் போடும் வீடுகளில் ஒன்று, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவருடையது. ஊரில் எல்லோரும் அவரை, பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி, முசே என்றுதான் கூப்பிடுவோம். அவர் அரசலாற்றங்கரையில் தூண்டில் போடும்போது உட்காருவதற்கு கித்தான் துணி போட்ட ஒரு மடக்கு ஸ்டூல் வைத்திருந்தார். கத்தரிக்கோல் மாதிரிக் கால். மடக்கினால் குடை அளவுதான். அதைப் பல நாள் பார்த்தும் கேட்க வாய் வரவில்லை. ஒரு நாள் அவரே, "என்னய்யா, மூட்டைய எறக்கிட்டு ஸ்டூலையே மொறைக்கிற?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய்த் துடைத்து எடுத்து வந்து கொடுத்தார். "பத்திரமாக் கொண்டாந்துடு. அது இல்லாட்டி எனக்கு மீன் கடிக்காது."

கித்தான் நைந்திருந்தது. மில் சணலை இரட்டையாகப் போட்டுப் புதுக் கித்தானைத் தைத்தேன். தோளில் மாட்ட ஒரு வார் வைத்தேன். என் மனைவியை உட்கார வைத்து, எழ வைத்து, மறுபடி உட்கார வைத்துப் பார்த்தேன். அடுப்படியில் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அவள் கீரை ஆய்ந்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். கனம், உயரம், உறுதி எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விடியற்காலையில் எங்கள் தெருக்காரர்களோடு கிளம்பினோம். என் பெரியப்பாவும் கோயில் பெரியவர்கள் சிலரும் முன்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனார்கள். திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் ஸ்டூலை விரித்து வைத்தேன். அவள் உட்காரவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரு" என்றேன்.

"பெரிய மாமா கீழ குந்தியிருக்காங்க. நான் மேல உக்காரவா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

எங்கள் பக்கத்தில் மருமகள்கள், என் பெரியப்பா மாதிரி மாமனார் முறைக்காரர் முன்னால் நாற்காலியில் உட்காருவதில்லை. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, உட்காருவதில்லை, அவ்வளவுதான். ஒரு மாதம் நாற்காலி தேடிய எனக்கு இது ஒரு தரம்கூட நினைவுக்கு வரவில்லை. பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அதற்குள் யாரோ, "சிம்மாசனம் வந்துடிச்சி, ராணிதான் உக்காரக் காணும்!" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் ஸ்டூல் இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

வாஞ்சூர்ப் பக்கம் வரும்போது அவள் உதடு வெளுத்துவிட்டது. என் தோளைப் பிடித்த கை சில்லென்று இருந்தது. அடுத்த நிழலில் எல்லோரும் நின்றபோது மறுபடியும் ஸ்டூலை விரித்தேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இங்கேயே விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அப்போது எங்களுக்குப் பின்னால் தனியாக நடந்து வந்துகொண்டிருந்த ஓர் அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தரங்கம்பாடிப் பக்கத்துப் பேச்சு. வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் உடுத்தும் காவிப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, செருப்பில்லாத கால். என் மனைவியின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"யாரு ஸ்டூலு இது? அப்பாடி, என் முட்டி!" என்று சொல்லிக்கொண்டே அதில் பொத்தென்று உட்கார்ந்தார். பெரியவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முட்டியைத் தேய்த்துவிட்டு எழுந்தார்.

"சித்த நின்னாத்தான் எனக்கு வலி வுடும். நீ உக்காரு புள்ள."

"இல்ல பெரியம்மா, இருக்கட்டும்."

"என்னா இருக்கட்டும்? நான் உக்காந்த எடத்துல நீ உக்கார மாட்டியா? பெரியவ சொல்றன்ல?"

என் பெரியப்பா தரையைப் பார்த்தபடியே, "அந்தம்மா சொல்றாங்கல்ல, உக்காரும்மா" என்றார். அவரும் அதுவரை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இருந்தாரோ என்னவோ. என் மனைவி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் ரத்த நிறம் திரும்பியது.

அதற்குப் பிறகு அந்த அம்மா எங்களை விட்டுப் போகவில்லை. நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் மறுநாள் வழியிலும் இதே கதைதான். என் மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால், அவருக்கு முட்டி வலி வந்துவிடும். "தம்பி, ஸ்டூல போடு" என்பார். உட்காருவார், முனகுவார், எழுவார், "உக்காரு புள்ள" என்பார். "இந்த முட்டிய வச்சிக்கிட்டு எதுக்கும்மா நடந்து வர்றீங்க?" என்று எங்கள் ஆட்கள் கேலி செய்தார்கள். "ஒங்க ஸ்டூல நம்பித்தான்" என்றார். எந்த ஊர், என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை.

கோயில் கோபுரம் தெரிந்ததும் கூட்டத்தில் அவரைக் காணவில்லை. என் மனைவி நின்றபடியே மாதாவைப் பார்த்தாள். மெழுகுவர்த்தி ஏற்றினாள். அழுதாள். பிறகு அவளை மெதுவாக மாதா குளத்தின் பக்கம் அழைத்துப் போனேன். கோயிலுக்கும் குளத்துக்கும் நடுவில் மணல் பாதை. நேர்ந்துகொண்டவர்கள் அதை முழங்காலாலேயே கடப்பார்கள்.

அந்தச் சுடுமணலில் முழங்காலால் வந்துகொண்டிருந்தார் அந்த அம்மா. புடவையை இழுத்துச் செருகியிருந்தார். கையில் ஜெபமாலை. ஒரு முழங்காலை எடுத்து வைப்பார், பிறகு அடுத்தது. தடுமாற்றமே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். பக்கத்தில் வந்ததும் என் மனைவி கேட்டாள். "பெரியம்மா, முட்டி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இப்ப தேவலாம் புள்ள" என்றார். எங்களைத் தாண்டிப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. முசேயிடம் ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்தேன். என் மனைவி அதற்கப்புறம் சில வருடங்கள் இருந்தாள். ஒவ்வொரு இரவும் ஜெபம் முடிக்கும்போது, "அந்த முட்டிவலிப் பெரியம்மாவுக்காக" என்று சேர்த்துக்கொள்வாள். இப்போது அதை நான் சொல்கிறேன்.

எனக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலோ கோயிலிலோ நாற்காலி காலியாக இருந்தும் யாராவது உட்காரத் தயங்கி நின்றால், நான் போய் முதலில் உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துவிட்டு எழுந்துகொள்கிறேன். பேசத் தெரியாத என்னாலும் செய்ய முடிகிற ஓர் உதவியை, பேர் தெரியாத அந்த அம்மா எனக்கு விட்டுப் போயிருக்கிறார்.